மூத்தவன் இடத்தில் இளையவன்

என் தாய்மாமாவை எல்லோரும் நல்ல மனுஷன் என்பார்கள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடியும்வரை நிற்பார். யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஃபிளாஸ்க்கும் கையுமாக முதல் ஆளாகப் போவார். சாவு வீட்டில் பந்தல்காரனிடம் சண்டை போட்டு விலையைக் குறைப்பார். எல்லாம் உண்மைதான். எனக்கு மட்டும் அவரைப் பார்த்தால் இன்றும் வயிறு எரியும். அந்த எரிச்சல் தொடங்கியபோது எனக்கு வயது பதினொன்று, இப்போது முப்பத்தெட்டு. இத்தனை வருஷத்தில் கொஞ்சமாவது ஆறியிருக்க வேண்டாமா என்று என் கணவர் கேட்கிறார். அவருக்கென்ன, அவர் கன்னத்திலா அடி விழுந்தது.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்சுக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. மற்ற சர்வேயர்கள் வந்ததும் நொறுங்கிய பக்கத்தைப் பார்ப்பார்கள். நான் பானெட்டைத் திறந்து எஞ்சினில் பொறித்த எண்ணைத்தான் முதலில் தேடுவேன். இது படித்து வந்த பழக்கம் இல்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அம்மா கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த மறுவருஷமே, அக்கா இருக்கிற தைரியத்தில் அவரும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். எங்கள் வீட்டில் ஆறு வருஷம் சாப்பிட்டுக்கொண்டே மெக்கானிக் வேலை கற்றார். அப்பாதான் தெரிந்த ஆளைப் பிடித்து, கரமனைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, வொர்க்‌ஷாப் வைத்துக் கொடுத்தார். முதலில் வேலைக்கு விட்ட வண்டியும் அப்பாவுடையதுதான்.

அந்த நாளில் ஒரு கம்பெனியின் சின்னக் கார்களில் எல்லாம் ஒரே குடும்பத்து எஞ்சின் வந்துகொண்டிருந்தது. நாலு சிலிண்டர், பெட்ரோல். ஆயிரம் சி.சி. ஒன்று, ஆயிரத்து இருநூறு ஒன்று, ஆயிரத்து முந்நூறு ஒன்று. மாமா அவற்றை இளையவன், நடுவுலவன், மூத்தவன் என்பார். மூத்தவனிலேயே கார்புரேட்டர் வைத்தவன் உண்டு, பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வைத்தவன் உண்டு. சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, நாலு வால்வு என்று அதிலும் வகை உண்டு.

"ஒரே வயித்துல பொறந்த பிள்ளையள் மோளே. ஒருத்தன் சட்டைய இன்னொருத்தன் போட்டுக்கிடுவான், ஒரு பிரச்னமும் இல்ல."

அதாவது, வெளிக்கூடு எல்லோருக்கும் ஒன்று. கியர்பாக்ஸோடு சேரும் போல்ட்டு ஓட்டைகள்கூட அப்படியே பொருந்தும். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்தான் வேறு. அது குறைந்தால் சிலிண்டரின் கொள்ளளவு குறையும், வண்டியை இழுக்கிற வலுவும் குறையும். பானெட்டைத் திறந்து பார்த்தால் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. இதை அவர் எனக்குச் சொன்னபோது நான் சிரித்தேன்.

அப்பாவின் காரில் இருந்தது மூத்தவன். கார்புரேட்டர் வைத்தது. தம்பானூரில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே டாக்ஸி ஓட்டினார். எங்களுக்குச் சோறு, ஸ்கூல் ஃபீஸ், சாலைத் தெருவுக்குப் பின்னால் நாங்கள் இருந்த வீட்டின் வாடகை எல்லாம் அந்த வண்டி. அதிலும் பொன்முடி மலைக்குப் போகிற ட்ரிப்தான் முக்கியம். ஸ்டாண்டில் இருந்த மற்ற சின்னக் கார்க்காரர்கள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பொன்முடி போக யோசிப்பார்கள். வளைவுக்கு வளைவு ஏ.சி.யை அணைத்து, முதல் கியரில் முக்கி முனகிப் போவார்கள். அப்பா ரெண்டாவது கியரில், ஏ.சி.யோடு, ஆள் நிறைய ஏறுவார். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ் மானேஜர் பொன்முடி என்று யார் கேட்டாலும் அப்பாவைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். அப்பாவுக்கு அதில் பெருமை உண்டு. அதிகம் பேசாத மனுஷன், அந்த எஞ்சினைப் பற்றி மட்டும் பேசுவார்.

எனக்கும் அந்த எஞ்சினில் ஒரு பங்கு இருந்தது. டாக்ஸி என்றால் அவ்வப்போது ஆர்.டி.ஓ. டெஸ்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காகிதத்தோடு எஞ்சின் எண்ணின் பென்சில் பிரிண்ட்டும் வைக்க வேண்டும். எண் பொறித்த இடத்தில் மெல்லிய தாளை ஒட்டிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், கறுப்புக்கு நடுவே எண் வெள்ளையாக எழும்பி வரும். அந்த எண்ணோ சைலன்சர் குழாய்க்குப் பின்னால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், ஒரு தீப்பெட்டி நீளத்துக்கு ஒளிந்துகொண்டிருந்தது. அப்பாவின் கை அங்கே நுழையாது. என் கை நுழையும். ஏழு வயதிலிருந்து அது என் வேலை. பெட்ரோல் நனைத்த துணியால் முதலில் துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பேன். நாலைந்து எடுத்து, எல்லாவற்றிலும் தெளிவானதை அப்பா எடுத்துக்கொள்வார். மிச்சத்தை என் இன்ஸ்ட்ருமென்ட் பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் காட்டுவேன். எண் எனக்கு மனப்பாடம். முதல் ரெண்டு இலக்கம் எஞ்சினின் அளவைச் சொல்லும். எங்களுடையது பதிமூன்றில் தொடங்கும்.

நான் ஆறாவது படிக்கும்போது வண்டி புகைவிட ஆரம்பித்தது. எஞ்சினை இறக்கி வேலை பார்க்க வேண்டும் என்றார் மாமா. ரெண்டு வாரம் வண்டி அவர் வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது, புகையும் இல்லை. மாமா கூலிகூட வாங்கவில்லை. அக்கா வீட்டு வண்டிக்குக் கூலியா என்றார். அம்மா அவருக்கு மீன்குழம்பு வைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது அதை யார் கவனித்தார்கள்.

முதல் பொன்முடி ட்ரிப்பிலேயே மானம் போனது. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம், பெரியவர்கள் நாலு பேர், ஒரு பையன். பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது. ஏ.சி.யை அணைத்தார். முதல் கியர் போட்டார். பிறகும் ஏறவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ரெண்டு ஆண்கள் இறங்கி நடந்து, மேலே போய் ஏறிக்கொண்டார்கள். கடைசியில் அவர்கள் ஒரு எஸ்டேட் ஜீப்பை நிறுத்தி ஏறிப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பா இதை அம்மாவிடம் சொன்னார், சட்டையைக்கூடக் கழற்றாமல். எனக்கு வயசாயிட்டு போலிருக்கு, கிளட்ச் விடத் தெரியல என்றார். அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாமா வந்தார்.

"புதுசா சிலிண்டர் கடஞ்சு போர் பண்ணின எஞ்சினாக்கும் அத்தான். ஓடி ஓடித்தான் இளகும். ரெண்டு மாசம் மலைக்குப் போவாண்டாம், கேட்டேளா."

அப்பா தலையை ஆட்டினார். மச்சினன் சொன்னால் நம்ப வேண்டியதுதான். லாட்ஜ் மானேஜரிடம் போய், ரெண்டு மாசத்துக்குப் பொன்முடி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து வீட்டில் எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தார். தண்ணீர் சூடாக இருந்தால் ஒரு கத்தல், ஆறியிருந்தால் ஒரு கத்தல்.

அந்த நேரத்தில்தான் டெஸ்ட் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அப்பா தாளையும் பென்சிலையும் என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு வேலை முடித்து வருகிறேன், நாலு எடுத்து வை என்று பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் போனார். ஒரு எழுத்து பிசகினாலும் டெஸ்ட் போச்சு, பாத்து எடு என்று வேறு சொன்னார். நான் கையை விட்டுத் தேய்த்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் பத்தில் தொடங்குகிற ஒரு எண்.

இன்னொரு தாளில் எடுத்தேன். பத்து. துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு எடுத்தேன். பத்து. பின்னால் இருந்த இலக்கங்களும் ஒன்றுகூடச் சேரவில்லை. எஞ்சின் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை பெரிய சாமான் மாறுமா. நான்தான் எதையோ தப்பாகச் செய்கிறேன், அப்பா வந்தால் தொலைந்தேன், அவ்வளவுதான் தோன்றியது. தாள்களை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுத் தாள்களை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கணக்குப் பாடத்தில் உதவி கேட்டால் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற அம்மா, அன்றைக்கு அந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள்.

"பழைய சீட்டு வச்சிருக்கியா?"

"ஸ்கூல் பாக்ஸ்ல இருக்கு."

"அதைக் குடு அப்பாட்ட. புதுசு சரியா விழல போல. அப்பா இருக்க இருப்புல இதைக் காட்டி ஏச்சு வாங்காண்டாம்."

நான் எடுத்த மூன்று தாளையும் அவளே அடுப்பில் போட்டாள். எனக்கு அப்போது அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அப்பாவின் கோபத்திலிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். முட்டாள். இன்றைக்கு அந்தப் பிள்ளை கையில் கிடைத்தால் தோளைப் பிடித்து உலுக்குவேன். அப்பா வந்ததும் பழைய சீட்டில் நல்லதாக ஒன்றைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, கொள்ளாம் என்று தலையைத் தடவினார். அந்த மாசம் அவர் எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னது அது ஒன்றைத்தான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சமரம், அதாவது ஸ்ட்ரைக். எட்டு மணிக்கே எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் நானும் அப்பாவோடு டெஸ்ட் கிரவுண்டுக்குப் போனேன். முன் சீட்டில் உட்கார்ந்து போனது எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ஆட்டோ, வேன், டாக்ஸி என்று இருபது முப்பது வண்டிகள் வரிசையில் நின்றன. அப்பா வெள்ளைச் சட்டையும் துடைத்த ஷூவுமாக நின்றார். இன்ஸ்பெக்டர் வந்து லைட், பிரேக், டயர் எல்லாம் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எஞ்சினுக்குள் நீட்டி எண்ணைப் படித்தார். கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"இது பதிமூன்னு அல்லல்லோ. பத்தாணல்லோ."

அப்பா புரியாமல் சிரித்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்ட மாதிரி.

எஞ்சின் மாற்றினால் மாற்றியதாக எழுதிக் கொடுக்கலாம், அது ஒரு பெரிய குற்றமில்லை என்றார் இன்ஸ்பெக்டர் மலையாளத்தில். ஆனால் வேறு எஞ்சினை வைத்துவிட்டுப் பழைய எஞ்சினின் பிரிண்ட்டைக் கொண்டுவந்தால் அதற்கு வேறு பெயர். அதைச் செய்தவனுக்கு எஞ்சின் மாறியது நன்றாகத் தெரியும் என்றுதான் அர்த்தம்.

"ஆரா பிரிண்ட் எடுத்தது?"

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"ஞானா சாரே." நான்தான் என்றார்.

அவ்வளவுதான். ஆர்.சி. புக்கை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வண்டியை அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டச் சொன்னார்கள். இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது, யாருடைய வண்டியில் இருந்தது, எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும், அதுவரை வண்டி ஓடக் கூடாது. திருட்டு எஞ்சினாக இருந்தால் போலீஸுக்குப் போகும். வரிசையில் நின்ற தம்பானூர் டிரைவர்கள் நாலு பேர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவர் வந்து அப்பாவின் தோளைத் தொட்டார். அப்பா விலகிக்கொண்டார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். சீட் காலியாக இருந்தும் அப்பா நின்றுகொண்டே வந்தார். நான் என் ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் மாமா பைக்கில் வந்தார். ஸ்டாண்டிலிருந்து யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்றாள். நான் கட்டில் ஓரத்தில். மாமா ஒரு பதற்றமும் இல்லாமல் நடந்ததைச் சொன்னார். கல்ஃபிலிருந்து லீவில் வந்த ஒருத்தர், இதே மாதிரி கார், அவருடைய மூத்தவன் வெடித்துப்போய்விட்டது. வேறு எஞ்சின் பிளாக் கோயம்புத்தூரிலிருந்து வர ரெண்டு மாசம் ஆகும். அவருக்கோ லீவே ரெண்டு மாசம். ஊரெல்லாம் சுற்ற வேண்டும், சபரிமலை போக வேண்டும், குருவாயூர் போக வேண்டும். நல்ல கஸ்டமர், விட்டால் போய்விடுவார். அப்பாவின் எஞ்சின் வேலை முடிந்து தரையில் இருந்தது. அதைத் தூக்கி அவருக்கு வைத்துவிட்டு, தன்னிடம் சும்மா கிடந்த இளையவனை அப்பாவின் காரில் வைத்து, கார்புரேட்டரையும் குழாய்களையும் மாற்றிப் பூட்டி அனுப்பிவிட்டார்.

"அவரு ஃபிளைட் ஏறின அன்னைக்கே மாத்திப் போட்டிருப்பேன் அத்தான். வேற யாரு வண்டியில நான் இப்படிக் கை வைப்பேன். நம்ம வண்டின்னுதானே."

இருபத்தேழு வருஷமாக இந்த வாக்கியத்தை நான் காதில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நம்ம வண்டி. ஊரான் வண்டியில் கை வைக்கப் பயம், அக்கா புருஷன் வண்டியில் உரிமை. அப்பா மலையில் ஐந்து பேர் முன்னால் தலைகுனிந்து நின்றது நம்ம வண்டி என்பதால். தனக்கு வயதாகிவிட்டது என்று ஒரு மனுஷன் ஒன்றரை மாசம் நினைத்துக்கொண்டு படுத்தது நம்ம வண்டி என்பதால். அப்பா எழுந்து ஒரு அறை விடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"எஞ்சின் மாறினது ஒண்ணுமில்ல அத்தான், நான் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா தீர்ந்து. பழைய பிரிண்ட்ட கொண்டுபோய்க் குடுத்தமில்லா, அதாக்கும் வில்லங்கம். அது யாரு செஞ்சா?"

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்று சொன்னால் போதும். அவள் உதடு காய்ந்திருந்ததுகூட எனக்குத் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்து, நீயா என்று கேட்டார்.

"எழுத்து சரியா விழல. அதான் பழசைக் குடுத்தேன்."

அம்மா சொல்லிக் கொடுத்த அதே வாக்கியம். அப்பா எழுந்து வந்து அடித்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் என்னை அடித்ததில்லை. காதுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாமா ஓடி வந்து, பிள்ளைய அடிக்காதீங்க அத்தான், தெரியாமச் செஞ்சிட்டு என்று என்னை அணைத்துக்கொண்டார். அவர் சட்டையில் கிரீஸ் வாசனை. நான் அவரைத் தள்ளினேன். மத்தியானம் அம்மா எனக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல் செய்தாள். நான் அதை முழுக்கத் தின்றேன் என்பதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

வண்டி ரெண்டரை மாசம் வேப்பமரத்தடியில் நின்றது. மாமா லெட்டர் எழுதிக் கொடுத்தார், கல்ஃப்காரர் போன பிறகு மூத்தவன் எங்கள் வண்டிக்குத் திரும்பினான். அதற்குள் அப்பா இன்னொருவர் வண்டிக்குக் கூலி டிரைவராகப் போய்க்கொண்டிருந்தார். லாட்ஜ் மானேஜர் பொன்முடிக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டார். ஸ்டாண்டில் அப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது, அதை நான் எழுதப் போவதில்லை. அடுத்த டெஸ்டுக்கு அப்பா என்னைக் கூப்பிடவில்லை. மாமாவின் வொர்க்‌ஷாப்பில் சைலன்சர் குழாயைக் கழற்றிவிட்டு அவரே பிரிண்ட் எடுத்தார். அடியைவிட அது எனக்கு அதிகமாக வலித்தது.

ரெண்டு வருஷம் கழித்து நான் பெரியவளானேன். எங்கள் பக்கத்தில் சடங்கு என்றால் தாய்மாமன் வந்து மாலை போட வேண்டும், சீர்த்தட்டு கொண்டுவர வேண்டும், முதல் சேலை அவர் கொடுத்ததைத்தான் கட்ட வேண்டும். அந்த ஆளு குடுக்குற சேலைய நான் கட்டமாட்டேன் என்றேன். அம்மா அழுதாள். அப்பாவோ வெற்றிலைத் தட்டு எடுத்துக்கொண்டு தானே கரமனைக்குப் போய் மாமாவை அழைத்து வந்தார். வாசலில் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திருடின மச்சினனுக்கு மரியாதை, ஒரு சீட்டு மாற்றிக் கொடுத்த மகளுக்கு அறை. இதென்ன நியாயம் என்று எனக்குள் கொதித்தது. சேலையைக் கட்டிக்கொண்டு, அவர் காலில் விழுந்து எழுந்தேன். அவர் கண்ணில் தண்ணீர். எல்லோரும், எத்தனை பாசம் பார் என்றார்கள்.

அம்மாவுக்கு எஞ்சின் மாறியது முதலிலேயே தெரியும் என்பது காலேஜ் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே தம்பி அக்காவிடம் சொல்லியிருக்கிறார், அத்தானிடம் மூச்சு விடாதே என்று. அவளிடமே நேராகக் கேட்டேன். ஆமா என்றாள். தம்பியக் காட்டிக் குடுக்கவா, உனக்கு அண்ணன் தம்பி இல்ல, உனக்குத் தெரியாது என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாமலே இருக்கட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். போன வருஷம் அம்மா இறந்தாள். மாமாதான் எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று பார்த்தார், வழக்கம்போல.

போன மாசம் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு என் காரில் கூட்டிப் போனேன். முன் சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, என் கியர் மாற்றலைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாதான் போய்விட்டாளே, இனி என்ன என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பழைய சீட்டைக் கொடுக்கச் சொன்னது அம்மா.

"தெரியும்" என்றார் அப்பா.

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கேதான். நீ சொல்லும்போது உங்கம்மா மூஞ்சியப் பாத்தேன்."

"அடிக்கதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

ஓவர்பிரிட்ஜ் சிக்னலில் வண்டி நின்றது. பிறகு எதுக்கு என்னை அடிச்சீங்க என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, பதினோரு வயதுக் குரலாக இருந்தது.

"உங்கம்மாவ அடிச்சா அவ தம்பி வீட்டுக்குப் போயிருப்பா. அவன அடிச்சாலும் அவ போயிருப்பா. நீ எங்க போவ, பதினோரு வயசுல."

கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்பாகவும் சொல்லவில்லை. ஒரு வழியைக் கேட்டால் டிரைவர் சொல்வதுபோலச் சொன்னார். சிக்னல் விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், நான் வண்டியை எடுத்தேன். இத்தனை வருஷம் மாமா மேல் ஒரு பங்கு, அம்மா மேல் ஒரு பங்கு என்று வைத்திருந்த கோபத்தில், அப்பாவுக்கென்று நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை. அவருக்கு மட்டும் எதுவும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுத்து, அவரை உட்கார வைத்து, வெளியே வந்து நின்றேன்.

அடி வாங்கிய அன்றைக்குச் சாயங்காலம் நான்தான் அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் நாற்காலியில் இருந்தார், மாமா எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்தார், அம்மா டம்ளரை வாங்கப் பக்கத்தில் நின்றாள். சரி, இனிமே பொய் சொல்லாத என்றார் அப்பா. சொல்ல மாட்டேன் என்று அந்த மூன்று பேருக்கும் முன்னால் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அம்மாவுக்கு முதலிலேயே எல்லாம் தெரியும் என்ற உண்மை தெரியாமல் அந்த அறையில் இருந்தது நான் ஒருத்திதான்.